பச்சை மை

பதவி உயர்வு ஆணை கைக்கு வந்ததும் எங்கள் துறையில் ஒருவர் முதலில் வாங்குவது பச்சை மைப் பேனா. நேற்றுவரை ஸ்டாஃப் ரூமில் நம்மோடு உட்கார்ந்து புளிசாதம் பகிர்ந்து சாப்பிட்டவர், ஒரே வாரத்தில் வேறு ஊரில் எச்.எம். ஆகிவிடுவார். வருகைப் பதிவேட்டில் பச்சை, விடுப்பு விண்ணப்பத்தில் பச்சை, டி.சி.யில் பச்சை, மெமோவிலும் பச்சை. ஊர்க்காரர்களுக்கு அவர் 'பெரிய சார்'. எங்களுக்கோ, அடுத்த இரண்டு மூன்று வருஷம் காலையில் என்ன மனநிலையில் பஸ் ஏறப்போகிறோம் என்பதைத் தீர்மானிக்கிறவர்.

நான் 1988-ல் கணிதப் பட்டதாரி ஆசிரியையாகச் சேர்ந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். பெரும்பகுதி வேலை பழைய தஞ்சை மாவட்டத்துக்குள்தான். இத்தனை வருஷத்தில் பார்த்த தலைமையாசிரியர்களுக்கு மார்க் போடுவதில் எனக்கு ஆர்வமில்லை. அவர்கள் பேச்சாலும் நடத்தையாலும் எங்கள் வேலை எப்படிக் கூடிற்று, எப்படிக் குறைந்தது என்பதைத்தான் சொல்ல நினைக்கிறேன். ஏனென்றால் ஆசிரியர் வேலையில் சம்பளத்துக்கு உரியது ஒரு பகுதி. மணி அடித்தால் வகுப்புக்குப் போவது, போர்ஷன் முடிப்பது, மதிப்பெண் பதிவேடு எழுதுவது எல்லாம் அதில் அடங்கும். இன்னொரு பகுதி எந்த அரசாணையிலும் கிடையாது. காலை எட்டரைக்கே வந்து பத்தாம் வகுப்புக்கு ஸ்லிப் டெஸ்ட் வைப்பது, மெல்லக் கற்கும் பிள்ளைகளை மாலை ஆறு மணிவரை உட்கார வைத்துக் காரணிப்படுத்தல் சொல்லித் தருவது, நாலு நாளாக வராத பையன் திருப்பூருக்குப் போய்விட்டானா என்று வீட்டுக்கே போய் விசாரிப்பது. இவற்றை ஆசிரியர் மனம் வைத்தால் செய்வார். வைக்காவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது.

2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் நானும் இருந்தேன். டெஸ்மா (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்பு) சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 1,70,000 அரசு ஊழியர்களையும் ஆசிரியர்களையும் ஒரே வீச்சில் டிஸ்மிஸ் செய்தார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு, நிபந்தனையற்ற மன்னிப்பும் இனி வேலைநிறுத்தத்தில் ஈடுபட மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலோரைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது என்று ஆயிற்று. வயிற்றுப்பாடு. எழுதினோம். அந்தத் தாளோடு எச்.எம். அறைக்கு வெளியே ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றது இன்றைக்கும் ஞாபகமிருக்கிறது. பியூன்கூட எங்கள் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டே போனார்.

அந்த எச்.எம். வேலைநிறுத்தத்தில் சேராதவர். எங்கள் கோரிக்கைகளில் பாதி அவருக்கு உடன்பாடில்லை என்பதும் தெரியும். எங்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். என் தாளை வாங்கி, அடியில் கையெழுத்து இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். மேலே எழுதியிருந்த எதையும் படிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து அட்டைக்கு அடியில் வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தினார். "ரெண்டாவது பீரியடு பத்து பி உங்களுதுதானே டீச்சர்? புள்ளைங்க காத்துக்கிட்டிருக்கு." அவ்வளவுதான். வேறொரு பள்ளியில் அதே தாளைச் சத்தமாக வாசித்துக்காட்டச் சொன்னதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

அவர் இனிமையாகப் பழகக்கூடியவர் இல்லை. சிரித்துப் பார்த்ததாக நினைவில்லை. சி.எல். கேட்டால் வருஷத்துக்கு 12 நாள்தான் என்பதை நாமே மறந்துவிட்ட மாதிரி முதலில் சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்ப்பார். ஆனால் அந்த வருஷம் பத்தாம் வகுப்புக்கு மாலை வகுப்பு எடுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. நாங்களாகவே எடுத்தோம். தாளைக் கவிழ்த்து வைத்ததற்குக் கைம்மாறாக எடுத்தோம் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டோம். இன்றைக்கு யோசித்தால் வேறு காரணம் தென்படவில்லை.

அடுத்து சொல்லப்போகிறவரின் ஊரும் பள்ளியும் வேண்டாம். கண்டிப்பானவர் என்று பேரெடுத்தவர். ஒன்பது இருபதுக்குப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். அதில் தப்பில்லை, விதி விதிதான். ஒரு திங்கட்கிழமை பிரேயர் நடந்துகொண்டிருந்தபோது அறிவியல் ஆசிரியர் ஒருவர் கேட்டுக்குள் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். சட்டைக் கையில் செயின் கிரீஸ். வண்டி வழியில் நின்றிருக்க வேண்டும். எச்.எம். மைக்கில், "லேட்டா வந்தவங்க அங்கயே ஓரமா நில்லுங்க" என்றார். தாமதமாக வந்த பையன்கள் கொடிக்கம்பத்துப் பக்கம் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். ஆசிரியர் அவர்களைத் தாண்டி வர எத்தனித்தார். "சாருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்" என்றது மைக். எண்ணூறு பிள்ளைகளும் சிரித்தார்கள். பிள்ளைகள்தானே, சிரிக்கத்தான் செய்யும். உறுதிமொழியும் செய்தி வாசிப்பும் திருக்குறளும் முடிகிறவரை அவர் தன் ஒன்பதாம் வகுப்புப் பையன்களோடு வரிசையில் நின்றார்.

அந்த ஆள் சனிக்கிழமைகளில் யாரும் கூப்பிடாமலே வந்து, கண்ணாடித் துண்டும் அட்டைப் பெட்டியும் வைத்துப் பிள்ளைகளோடு பெரிஸ்கோப் செய்துகொண்டிருந்தவர். ஆய்வகச் சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும். அந்த வாரமே சாவி அலுவலகத்தில் ஆணிக்குப் போயிற்று. பிறகு அவர் ஒருநாளும் தாமதமாக வரவில்லை. நோட்ஸ் ஆஃப் லெசன் பழுப்பு அட்டை போட்டு, மார்ஜின் கோடு கிழித்து, திங்கள் காலை முதலாவதாக எச்.எம். மேசையில் இருக்கும். மாலை மணி அடித்து முடிவதற்குள் அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். எச்.எம்.முக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா, ஒரு தடவை கண்டிச்சா போதும், சரியாயிடுது" என்று கூட்டத்தில் சொன்னார். தாளில் பார்த்தால் அவர் சொன்னது சரிதான். எந்த அதிகாரி வந்து எந்தப் பதிவேட்டைப் புரட்டினாலும் அந்த ஆசிரியர்மேல் ஒரு குறைகூடக் கண்டுபிடித்திருக்க முடியாது.

மனம் விட்டுப்போன ஆசிரியரைப் பதிவேட்டில் கண்டுபிடிக்க முடியாது என்பதோடு, பல சமயம் அவருடைய பதிவேடுதான் இருப்பதிலேயே சுத்தமாக இருக்கும். இதை நான் ஒரு பள்ளியில் மட்டும் பார்க்கவில்லை.

பிற்பாடு என் மகள் எம்.எட். படித்தபோது அவளுடைய புத்தகங்களைப் புரட்டுவேன். அந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் என்ற இருவர் 1990-களில் சிகாகோ நகரத்துத் தொடக்கப்பள்ளிகளில் பல வருஷம் ஆராய்ந்து 2002-ல் ஒரு நூல் எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்குள் இருக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் நான்கு விஷயங்களில் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறார்கள்: மரியாதை தருகிறாரா, நம்மேல் அக்கறை உண்டா, வேலை தெரிந்தவரா, சொன்னபடி நடக்கிறாரா. இந்த எடைபோடலில் பிறக்கும் நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளுக்குத்தான் வாசிப்பிலும் கணக்கிலும் முன்னேறும் வாய்ப்பு அதிகமாக இருந்தது என்பது அவர்கள் கண்டது. படித்தபோது எனக்கு அந்த மைக் ஞாபகம் வந்தது. நான்கில் முதலாவதை ஒரே வாக்கியத்தில் உடைத்தால் மற்ற மூன்றும் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள நான் சிகாகோ போக வேண்டியிருக்கவில்லை. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே 1988-ல் வந்த சட்டத்தால் அங்கே பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் உள்ளூர்ப் பள்ளிக் குழுவே தலைமையாசிரியரைத் தேர்ந்தெடுக்கிறதாம். நமக்கு பணிமூப்புப் பேனல்.

கண்டிப்புக்கு எதிர்ப்பதம் அன்பு, அன்பாக இருந்தால் வேலை நடக்கும் என்று யாராவது நினைத்தால், எங்களுக்கு வாய்த்த ஓர் எச்.எம்.மைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கமான மனுஷர். எல்லாரையும் "வாங்கம்மா, சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்பார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாது. ஜூன் மாதம் போட்ட டைம்டேபிள் ஆகஸ்டுக்குள் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. ஒருவருக்குக் காலை முதல் பீரியடு வேண்டாம், கொடுத்துவிட்டார். இன்னொருவருக்கு மத்தியானம் கடைசி பீரியடு வேண்டாம், அதையும் கொடுத்துவிட்டார். அப்படி மிச்சம் விழுந்த பீரியடுகள் எல்லாம் கேட்கத் தெரியாத இரண்டு மூன்று பேர் தலையில் இறங்கின. அவர்களில் ஒரு தமிழாசிரியை வாரத்தில் பாதி நாள் கடைசி இரண்டு பீரியடும் எட்டாம் வகுப்பில் நின்றார். எட்டாம் வகுப்பை மத்தியானம் மூன்றரைக்கு மேல் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன என்று.

அந்த அம்மா ஒரு நாள் போய்ச் சொன்னார். எச்.எம். உருகிவிட்டார். "அடடா, எங்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதாம்மா" என்று உடனே மாற்றிக் கொடுத்தார். மறுநாள் காலை வேறொருவர் போய் அழுதார், பழையபடி ஆயிற்று. கடைசியாக யார் உள்ளே போய்விட்டு வருகிறாரோ அவர் சொன்னது செல்லும் என்று எல்லாருக்கும் பிடிபட்ட பிறகு, எச்.எம். அறை வாசலில் கூட்டம் குறையவே இல்லை. ஸ்டாஃப் ரூம் இரண்டு மூன்று கட்சியாயிற்று. அவர் ஓய்வு பெற்றபோது எல்லாரும் அழுதோம், நிஜமாகவே. அடுத்த வாரம் புது டைம்டேபிள் வந்தபோது அதைவிட நிஜமாக நிம்மதிப்பட்டோம்.

இவர்களைக் குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். எங்கள் துறையில் எச்.எம். ஆவதற்கு வேண்டியது பணிமூப்பு. பேனலில் பெயர் வர வேண்டும், முறை வர வேண்டும். நான் பணிமூப்புக்கு எதிரியில்லை. அது இல்லாவிட்டால் சிபாரிசுதான் மிச்சமிருக்கும். ஆனால் பலருக்கு அந்த நாற்காலி கிடைப்பது ஓய்வுக்கு இரண்டு மூன்று வருஷம் இருக்கும்போது. உட்கார்ந்த நாள்முதல் ஆடிட் அப்ஜெக்‌ஷன் எதுவும் பென்ஷனில் வந்து விழக்கூடாது என்ற கவலை. கேஷ் புக், விலையில்லா சைக்கிள் கணக்கு, எமிஸ் இணையதளப் பதிவு ஆகியவற்றுக்குப் பயிற்சி நடக்கும். நேற்றுவரை "வாய்யா போய்யா" என்று பேசிய நண்பரிடம் இன்றைக்கு "முடியாது" என்று எப்படிச் சொல்வது என்பதற்கு யாரும் எதுவும் சொல்லித் தருவதில்லை. ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொள்கிறார், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்.

மேலே இருந்து வருவதும் உண்டு. பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் மாவட்டத் தலைநகரில் ரிவ்யூ மீட்டிங். தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிகளின் எச்.எம்.களை எழுப்பி நிற்க வைத்து, எல்லார் முன்னாலும் பாடவாரியாகக் காரணம் கேட்பார்கள். 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பிள்ளைகள் பெயரை அறிவிப்பதை அரசு நிறுத்தியது, நல்ல காரியம். எச்.எம்.களை நிற்க வைப்பது நிற்கவில்லை. ஐம்பத்தாறு வயதில், பேரன் பேத்தி எடுத்தவர், அவமானப்பட்டு பஸ் ஏறி வருவார். அங்கே திறந்துவிட்ட தண்ணீர் மறுநாள் காலை எங்கள் கடைமடை வரைக்கும் வந்து சேரும்.

அப்படி வராமல் மறித்த ஒருவரையும் பார்த்தேன். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே நான் கடைசியாக வேலை பார்த்த மேல்நிலைப்பள்ளியில் எச்.எம். ஆக வந்த அம்மா. ரிவ்யூ மீட்டிங்குக்கு மறுநாள் கூட்டம் போட்டார். "நேத்து என்னை நிக்க வெச்சாங்க, நின்னுட்டு வந்தேன். அது என்னோட. உங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணுதான், பதினொரு பையன் கணக்குல போயிருக்கான். அந்தப் பதினொரு பேரும் ஒன்பதாவதுல யாருகிட்ட படிச்சாங்கன்னு கேக்கல. எந்த எடத்துல விட்டாங்கன்னு பாத்துச் சொல்லுங்க." கணக்கு என்னுடைய பாடம். பெயர் சொல்லாமல் என்னிடம்தான் பேசினார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்றிரவே பதினொரு பேருடைய பழைய தேர்வுத்தாள்களையும் எடுத்து உட்கார்ந்தேன். பாதிப் பேருக்கு மேல் பின்னக் கழித்தலிலேயே நின்றிருந்தார்கள். பத்தாம் வகுப்புக் கணக்கு அவர்களை எட்டவே இல்லை.

கோபப்படாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகக் கோபப்படுவார், கதவைச் சாத்திக்கொண்டு. உள்ளே போனவருக்கு முதல் கேள்வி எப்போதும் "என்ன ஆச்சு?" என்றுதான் இருக்கும். பதிலை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். வெளியே வந்த பிறகு அந்த விஷயம் யார் வாயிலும் வராது, அவர் வாயிலும் வராது. சப்ஸ்டிட்யூஷன் நோட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று இடத்தில் தன் பெயரைத் தானே எழுதிக்கொள்வார். ஆறாம் வகுப்பில் எச்.எம். ஆங்கிலக் கதை சொல்லிக்கொண்டிருக்கும் சத்தம் வராந்தாவில் கேட்கும்போது, ஃப்ரீ பீரியடு பறிபோயிற்றே என்று முனக யாருக்கும் வாய் வராது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கரை கடந்தது. எங்கள் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் ஒன்றும் இல்லாதவர்களானார்கள். பள்ளிக்கூடம் நிவாரண முகாமாயிற்று. கரண்ட் வர வாரக்கணக்கானது. பள்ளி திறந்த அன்று எச்.எம். அம்மா போர்ஷனைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு அவரே வந்தார். ஒவ்வொருவரிடமும் கூரை இருக்கிறதா, தண்ணீருக்கு என்ன செய்கிறீர்கள், வீட்டில் முடியாதவர்கள் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டார். சமையல் அம்மாவையும் துப்புரவு அம்மாவையும் அதே நோட்டில், அதே வரிசையில் எழுதினார். வீடு போன ஓர் ஆசிரியைக்கு, "பத்து மணிக்கு வாங்க, உங்க முதல் பீரியட நான் பாத்துக்கறேன். இந்த மாசம் முழுக்க" என்றார். விதியில் அதற்கு இடமிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அந்த ஆசிரியை ஒரு வாரம்தான் பத்து மணிக்கு வந்தார்.

புயலின் ஈரம் காயுமுன்பே, 2019 ஜனவரி 22-ல் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ ஜியோவின் வேலைநிறுத்தம் தொடங்கியது. பழைய ஓய்வூதியத்தைத் திரும்பக் கொடு என்பது முதன்மைக் கோரிக்கை. 2003 ஏப்ரல் முதல் சேர்ந்தவர்களுக்கு அது இல்லாததால், அவர்களுக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. எங்கள் பள்ளியில் பாதிப் பேர் வெளியே போனார்கள், பாதிப் பேர் உள்ளே இருந்தோம். நான் உள்ளே இருந்தேன். 2003-ல் எழுதிய தாளின் கனம் எனக்குப் போதும் என்று இருந்தது. வெளியே இருந்தவர்கள் எங்களைக் கருங்காலி என்றார்கள். உள்ளே இருந்தவர்கள் மூன்று வகுப்பை ஒன்றாக உட்கார வைத்துக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய் அவர்களைத் திட்டினோம். மேலே இருந்து தினமும் பட்டியல் கேட்டார்கள். எச்.எம். அம்மா வராதவர்கள் பெயரை உள்ளபடி அனுப்பினார். யார் தூண்டினார்கள், யார் தலைமை என்று வாய்மொழியாகக் கேட்ட கேள்விகளுக்கு, "வருகைப் பதிவேட்டில் அப்படி ஒரு கலம் இல்லீங்க சார்" என்று போனில் சொன்னது எங்களுக்கே கேட்டது.

30-ஆம் தேதி போராட்டம் முடிந்தது. திரும்பி வந்தவர்களும் நாங்களும் ஒரே அறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். வேறு பள்ளிகளில் இந்த மௌனம் வருஷக்கணக்கில் நீடித்ததைக் கண்டிருக்கிறேன். ஒரே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு பியூன் மூலம் சாக்பீஸ் கேட்டு அனுப்புவார்கள். எச்.எம். அம்மா சமாதானக் கூட்டம் எதுவும் போடவில்லை, ஒற்றுமையைப் பற்றிப் பேசவும் இல்லை. உள்ளே இருந்த ஒவ்வொருவரிடமும், "அவங்க இல்லாதப்போ அவங்க வகுப்புல என்ன நடத்துனீங்க, எந்தப் பக்கத்துல நிக்குதுன்னு அவங்ககிட்ட நேர்ல சொல்லிடுங்க. எழுதிக் குடுக்க வேண்டாம், வாயால சொல்லுங்க" என்றார். பொதுத் தேர்வுக்கு ஒன்றரை மாதம்கூட இல்லை. சொல்லித்தான் ஆக வேண்டும். என்னைக் கருங்காலி என்றவரிடம் போய், "முக்கோணவியல் முதல் பயிற்சி பாதி முடிச்சிருக்கேன் சார், உயரம் தூரம் தொடல" என்றேன். அவர் புத்தகத்தைத் திறந்து, "இந்த ஏழாவது கணக்கு போட்டாச்சா?" என்று கேட்டார். ஏழாவது கணக்கைப் பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் மத்தியானம் டீக்கு ஒன்றாகப் போனோம்.

அந்த மே மாதம் எச்.எம். அம்மா 58 வயது நிறைந்து ஓய்வு பெற்றார். பொது மாறுதல் கலந்தாய்வு வருஷா வருஷம் நடக்கும். அவர் இருந்தவரை, மன்னார்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள்கூட மாறுதல் படிவம் கொடுக்கவில்லை. ஓர் எச்.எம்.மைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆண்டாய்வு அறிக்கையைவிட அந்தப் பள்ளியில் எத்தனை பேர் மாறுதல் கேட்டார்கள் என்ற கணக்கு எனக்கு நம்பகமாகப் படும். துறையில் யாரும் அந்தக் கணக்கை எடுப்பதாகத் தெரியவில்லை.

அவருக்குப் பிறகு வந்தவர் மைக் பிரியர். ஆசிரியர்களின் ஓய்வு வயதை 2020-ல் 59 ஆகவும், மறுவருஷம் 60 ஆகவும் அரசு உயர்த்தியது. சம்பளத்தோடு இரண்டு வருஷம் கூடுதல். வேறு அலுவலகங்களில் லட்டு கொடுத்தார்களாம். எங்கள் ஸ்டாஃப் ரூமில் அந்தச் செய்தியை வாசித்துக்காட்டிய உடற்கல்வி ஆசிரியர், ஒருவரும் வாய் திறக்காததைப் பார்த்துவிட்டு, "அவருக்கும் சேர்த்துத்தானே டீச்சர் ரெண்டு வருஷம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த கலந்தாய்வுக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஆறு படிவம் போயிற்று. ஓய்வுக்குச் சில மாதமே இருந்த நானும் ஒன்று எழுதினேன். கிடைக்கவில்லை.